உச்சி வெயிலில் ஜவ்வரிசிக் களம்: ஒரு படப்பிடிப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இடம், சேலம்–ஆத்தூர் சாலையை ஒட்டிய ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலை. குச்சிக்கிழங்கை (மரவள்ளியை) அரைத்து, பாலைத் தெளியவைத்து, மாவை மணியாக உருட்டி, சூட்டில் வாட்டி, கடைசியில் சிமெண்ட் களத்தில் காயப்போடும் வழக்கமான ஆலைதான். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பிறகு வெளிமாநில வியாபாரிகளிடம் காட்ட நல்ல படத்தொகுப்பு ஒன்று வேண்டும் என்று ஆலைக்காரர் விரும்பினார். சேலத்தில் கல்யாணப் படங்கள் எடுத்துப் பழகிய இருவரிடம் வேலை வந்தது.

அவர் கேட்டவை நான்கு வகை. பின்னால் சேர்வராயன் மலை தெரிய, களத்தின் அகலப் படம். களத்தில் வேலை நடக்கும் படங்கள். மணி மணியாகத் தெரியும் நெருக்கப் படம். வேலை செய்பவர்கள் சிலரின் முகப்படங்கள்.

காலம் பங்குனி முதல் வாரம், மார்ச் 20ஐ ஒட்டிய நாட்கள். படம் எடுப்பவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை, விடிந்த ஒரு மணி நேரத்திலும் பொழுது சாயும் ஒரு மணி நேரத்திலும் எடுங்கள் என்பது. இந்தக் களத்துக்கு அது பொருந்தாது. வெயில் ஏறிய பிறகுதான் ஜவ்வரிசியைப் பரப்புகிறார்கள். நான்கு மணிக்குள் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுகிறார்கள். பொன்வெயில் வரும்போது களத்தில் எடுக்க ஒன்றும் இருக்காது.

முதல் நாள்: கண்டவை

குழு களத்துக்கு வந்தது நண்பகல் 12 மணிக்குச் சற்று முன். ஏபிஎஸ்-சி என்னும் சிறிய வகை சென்சார் கொண்ட இரண்டு கேமராக்கள், 18–135 லென்ஸ், 55–250 லென்ஸ், ஒரு ஃப்ளாஷ், வெள்ளிக் குடை, வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் 110 சென்டிமீட்டர் ரிஃப்ளெக்டர். கேமராவே வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் முறையில், ஜேபெக்கில் மட்டும் எடுத்தார்கள்.

ஜவ்வரிசி சாம்பல் நிறத்தில் வந்தது. தலையில் துண்டு போட்டிருந்த பெண்களின் முகம் ஏறக்குறைய கறுப்பு. உதவியாளர் வெளிச்சத்தை +2 கூட்டினார். முகம் கொஞ்சம் தெரிந்தது, ஆனால் களம் முழுவதும் விவரமே இல்லாத வெள்ளைத் தாளாகிவிட்டது. ஃப்ளாஷைக் குடையில் பொருத்தி ஏழெட்டு அடி தள்ளி வைத்தார்கள். எந்த வித்தியாசமும் தெரியவில்லை. காற்றில் குடை ஒருமுறை ஸ்டாண்டோடு சாய்ந்தது.

தூரத்திலிருந்து லென்ஸை 250 மில்லிமீட்டர் வரை நீட்டி எடுத்த படங்கள் எதுவும் கூர்மையாக இல்லை. ஃபோகஸ் தவறு என்று நினைத்து ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். அதற்காக வெறும் சிமெண்டில் நிறுத்தப்பட்ட வயதான பெண் ஒருவர், “கண்ணு, வெரசா எடுத்துரு சாமி, காலு பொறுக்கல” என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினார்கள். அன்றைய நாளில் இதுதான் மிக மோசமான தவறு. படம் கெட்டால் மறுபடி எடுக்கலாம். கூலிக்கு வேலை செய்பவரைச் சுடும் தரையில் நிறுத்தி வைக்கும் உரிமை கேமரா வைத்திருப்பவருக்குக் கிடையாது.

கேமராத் திரையில் ஓரளவு பரவாயில்லை என்று தோன்றிய படங்கள்கூட, இரவு கணினியில் பார்த்தபோது தேறவில்லை.

ஏன் அப்படி ஆனது

கேமராவின் மீட்டர், தான் பார்ப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. சட்டகம் நிறைய வெள்ளை ஜவ்வரிசி இருந்தால் அதையும் சாம்பலுக்கு இறக்கிவிடும். இது தெரிந்த கதை. முக்கியமான சிக்கல் வேறு. வெயில் படும் ஜவ்வரிசிக்கும் துண்டின் நிழலில் இருக்கும் முகத்துக்கும் இடையே இருந்த வெளிச்ச இடைவெளி ஏறத்தாழ 6 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தை இரு மடங்காக்கும்). அதாவது ஒன்று மற்றொன்றைப் போல அறுபது மடங்குக்கு மேல் வெளிச்சம். இந்த இடைவெளியை ஜேபெக்கில் அடக்கினால் ஒரு முனை செத்துப்போகும். கூட்டினாலும் குறைத்தாலும் சாகும் முனைதான் மாறும்.

ஃப்ளாஷ் தோற்றதற்குக் கணக்கு எளிது. தெளிந்த வெயிலில் சென்சாரின் உணர்திறன் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100 நொடி என்றால், லென்ஸின் துளை எஃப்/16 சரியான வெளிச்சம் (எண் கூடினால் துளை சிறிது). சாதாரண ஃப்ளாஷ் முழுச் சக்தியோடு ஒத்துப்போகும் ஷட்டர் வேகம் 1/200 அல்லது 1/250 வரைதான். அப்படியானால் எஃப்/11. நடுத்தர அகலத்தில், சக்தியைச் சொல்லும் வழிகாட்டி எண் 36 (மீட்டர் கணக்கில்) உள்ள ஃப்ளாஷ், எஃப்/11இல் நேரடியாக அடித்தால் எட்டுவது சுமார் மூன்றேகால் மீட்டர். குடை இரண்டு ஸ்டாப் தின்றுவிடும். மிச்சம் ஒன்றரை மீட்டர் சொச்சம். ஏழெட்டு அடியில் வைத்தால் சூரியனுக்கு முன் அது எடுபடாது. அதைவிட வேகமான ஷட்டரோடு ஃப்ளாஷை இயக்கும் அதிவேக ஒத்திசைவு முறைக்குப் போனால் சக்தி இன்னும் குறையும்.

கூர்மை போனதற்குக் காரணம் லென்ஸோ ஃபோகஸோ அல்ல. சுட்ட சிமெண்டிலிருந்து எழும் வெந்த காற்று, தரையை ஒட்டி அலையலையாக நெளிகிறது. தொலைவிலிருந்து தாழ்வாக எடுக்கும்போது அந்த நெளிவு முழுவதையும் ஊடுருவித்தான் பார்க்கிறோம். எவ்வளவு விலை கொடுத்து லென்ஸ் வாங்கினாலும் இதற்குத் தீர்வு இல்லை. கிட்டே போக வேண்டும்.

திரை ஏமாற்றியதும் வெயிலால்தான். வெளிச்சத்தில் திரை மங்கித் தெரிவதால் அதன் பிரகாசத்தை உச்சத்தில் வைத்திருந்தார்கள். அதை நம்பி வெளிச்சத்தை மதிப்பிட முடியாது.

எடுத்த முடிவுகள்

முதல் நாள் படங்களில் தற்செயலாக ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. ஜவ்வரிசிப் பரப்பின் நடுவில் நின்று குனிந்து துழாவிக்கொண்டிருந்த பெண்ணின் முகம் அது. அதே வெயில், அதே துண்டு, ஆனால் கண்ணும் கன்னமும் தெரிந்தன. வெறும் சிமெண்டில் நின்றவருக்கும் இவருக்கும் உள்ள ஒரே வித்தியாசம் காலடியில் இருந்த வெள்ளை.

குழுவினர் மறுநாள் ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் அளந்து பார்த்தார்கள். பழைய சிமெண்டில் நிற்பவரின் நிழல் முகத்துக்கு வரும் வெளிச்சம், நேர் வெயிலைவிட 3 ஸ்டாப் குறைவு. ஜவ்வரிசியின் நடுவில் நின்றால் குறைவு ஒன்றரை ஸ்டாப்தான். சிமெண்ட் விழுங்கும் வெளிச்சத்தைக் காயும் ஜவ்வரிசி மேல்நோக்கித் திருப்பி அனுப்புகிறது. களம் முழுவதுமே ஒரு ரிஃப்ளெக்டர், அதுவும் எந்தக் கடையிலும் கிடைக்காத அளவில்.

அதிலும் இது உச்சி வேளையில்தான் நன்றாக வேலை செய்யும். சேலத்தில் மார்ச் 20 வாக்கில் சூரியன் உச்சிக்கு வருவது 12:25 மணி அளவில், உயரம் 78 டிகிரி. ஐந்தரை அடி உயரமுள்ளவரின் நிழல் அப்போது ஓர் அடியைத்தான் சற்றுத் தாண்டும். அவரைச் சுற்றியுள்ள தரை முழுவதும் நேர் வெயிலில் இருப்பதால் எல்லாப் பக்கமிருந்தும் வெளிச்சம் முகத்துக்கு ஏறுகிறது. எல்லோரும் ஒதுக்கும் நேரம், இந்த ஒரு வகைப் படத்துக்கு மட்டும் நல்ல நேரமாகிறது.

ஜவ்வரிசியின் நெருக்கப் படத்துக்கு நிலைமை நேர்மாறு. உச்சியில் ஒவ்வொரு மணியின் நிழலும் அதன் அடியிலேயே ஒளிந்துகொள்கிறது. உருண்டை வடிவமும் தெரியாது, பலகையால் இழுத்த வரியும் தெரியாது. அதற்குச் சாய்ந்த வெயில் வேண்டும். மார்ச் 20இல் சூரியன் 8:25க்கு 29 டிகிரி, 9:25க்கு 44 டிகிரி, பிற்பகல் 3:25க்கு மறுபடி 44 டிகிரி. கருவி எதுவும் இல்லாதவர் தன் நிழலைப் பார்த்தால் போதும். நிழல் தன் உயரத்துக்குச் சமமாகவோ நீளமாகவோ இருந்தால் மணி எடுக்கலாம். உயரத்தைவிடக் குறைந்துவிட்டால் மணியை விட்டுவிட்டு ஆட்களிடம் போக வேண்டும்.

எனவே நாளை மூன்றாகப் பிரித்தார்கள். காலையில் மலையும் மணியும், உச்சியில் வேலை, பிற்பகலில் நிழல் ஓரத்தில் முகப்படம். ஃப்ளாஷும் குடையும் வேண்டாம் என்று முடிவானது. எல்லாப் படங்களும், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா வடிவில்.

இரண்டாம் நாள், காலை

ஆலையிலிருந்து பார்த்தால் சேர்வராயன் மலை வடக்கே இருக்கிறது. காலையில் சூரியன் கிழக்கே இருப்பதால், வடக்கு நோக்கிய கேமராவுக்கும் சூரியனுக்கும் இடையே ஏறக்குறைய 90 டிகிரி. லென்ஸின் முன் மாட்டி, வானத்தின் மங்கலையும் மினுக்கத்தையும் குறைக்கும் பொலரைசர் என்னும் வடிகட்டி அதிகபட்சம் வேலை செய்யும் கோணம் அதுதான். வானம் ஆழ்ந்தது, மலைச்சரிவின் மடிப்புகள் வெளிவந்தன. எஃப்/8, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125. பொலரைசர் ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தை எடுத்துக்கொள்வதால் இந்த வேகம். பதினொரு மணிக்கு மேல் மலை வெறும் நீல மங்கலாகிவிடுகிறது. அதைப் பிறகு கணினியில் மீட்க முயல்வது வீண் உழைப்பு.

மணிக்கு வந்ததும் பொலரைசரைக் கழற்றினார்கள். ஜவ்வரிசி மேலிருக்கும் மினுக்கத்தையும் அது துடைத்துவிடும். அந்த மினுக்கம் இல்லாவிட்டால் மணி சுண்ணாம்பு உருண்டையாகத் தெரியும்.

துழாவும் பலகையை எந்தத் திசையில் இழுக்கிறார்கள் என்பதும் கணக்கில் வந்தது. கிழக்கு வெயிலில் கிழக்கு–மேற்காக வரி இழுத்தால் நிழலே விழாது. வடக்கு–தெற்காக இழுத்தால் ஒவ்வொரு வரியின் மேற்குப் பக்கமும் மெல்லிய நிழலோடு நிற்கும். எப்படியும் கிளற வேண்டிய நடையில் ஒன்றை மட்டும் அந்தத் திசையில் இழுத்துத் தரும்படி மேஸ்திரியிடம் கேட்டார்கள். யாருக்கும் கூடுதல் வேலை இல்லை.

நெருக்கப் படத்துக்குக் கேமராவைச் சூரியனுக்கு எதிர்ப்புறமாக, சற்று ஒருக்களித்து வைத்தார்கள். வெயில் மணியின் பின்பக்கத்திலிருந்து நுழைந்தபோது வெளி விளிம்பு ஒளிர்ந்தது, நடுவில் பால் நிறம் தங்கியது. வாட்டியதில் ஒன்றிரண்டு மணிகள் ஒட்டிக்கொண்டிருந்ததும் தெரிந்தது. அவற்றை ஆலைக்காரர் பொறுக்கி எடுக்கச் சொன்னார். வாங்குபவர் மூட்டையைப் பிரித்ததும் அப்படி ஒட்டிய மணிகளையும் பார்க்கத்தான் போகிறார் என்று குழுவினர் சொன்னதும் விட்டுவிட்டார்.

உச்சி வேளை

வெளிச்சத்தை வெள்ளைக்கே வைத்தார்கள். மேனுவல் முறை, எஃப்/8, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/500. கணக்குப்படி வர வேண்டிய 1/400ஐவிட மூன்றில் ஒரு ஸ்டாப் குறைவு, வெள்ளைக்கு ஒரு காப்பு. எஃப்/16க்குப் போகாததற்கு இரண்டு காரணங்கள். சிறிய சென்சாரில் அந்தத் துளை படத்தை லேசாக மழுங்கச் செய்யும். மேலும் சேகோ ஆலையில் மாவுத் தூசி இல்லாத இடமே கிடையாது, சென்சாரில் ஒட்டிய தூசி எஃப்/16இல் கரும்புள்ளிகளாகத் தெரியும். அதே காரணத்துக்காகக் களத்தில் லென்ஸ் மாற்றவே இல்லை. ஆளுக்கு ஒரு கேமரா, ஒரு லென்ஸ்.

திரையில் படத்தைப் பார்க்காமல், இருளிலிருந்து வெளிச்சம் வரை (இடமிருந்து வலமாக) எவ்வளவு பதிந்தது என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமை மட்டும் பார்த்தார்கள். அதிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக. ஒரு பெண் அடர்சிவப்புத் துண்டு போட்டிருந்தார். மொத்த ஹிஸ்டோகிராம் சரியாக இருந்தும் சிவப்பு மட்டும் வலப்புறச் சுவரில் முட்டி நின்றது. அப்படியே எடுத்திருந்தால் துண்டின் மடிப்புகள் கரைந்து ஒரே சிவப்புப் பூச்சாகியிருக்கும். 1/800க்கு மாற்றியதும் மடிப்பு வந்தது. அரக்குப் பட்டில் கல்யாணப் படம் எடுப்பவர்கள் வெயிலில் அடிக்கடி இழப்பது இதைத்தான்.

யாரையும் கேமராவைப் பார்க்கச் சொல்லவில்லை. நிமிர்ந்தால் கண் கூசிச் சுருங்கும், புருவத்தின் நிழல் கண்குழியில் விழும். குனிந்து வேலை பார்க்கும்போது முகம் தானாகவே வெள்ளைத் தரையை நோக்கித் திரும்புகிறது. முகத்துக்கு முன்னால் குறைந்தது எட்டுப் பத்து அடிக்கு ஜவ்வரிசி பரவியிருக்கும் இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, ஆட்கள் அங்கே வரும்வரை காத்திருந்தார்கள். பரப்பின் ஓரத்தில் நிற்பவருக்கு அந்த வெளிச்சம் பாதிதான் கிடைக்கும். லென்ஸை 35 மில்லிமீட்டரை ஒட்டி வைத்து, நாலைந்து அடிக்குள் போய் எடுத்ததால் வெக்கை நெளிவு தொல்லை தரவில்லை.

கையுறையும் புதுத் தலைக்கவசமும் போட்டு எடுக்கலாமா என்று ஆலைக்காரர் கேட்டார். தினமும் போடுவதானால் எடுக்கலாம், படத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பது குழுவின் பதில். களத்தில் அன்றாடம் கட்டும் சுத்தமான துண்டே போதும் என்று முடிவானது.

பிற்பகல்

முகப்படங்களுக்கு ஆலையின் தகரக் கொட்டகை. கொட்டகையின் நிழல் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே, வெளியே பார்த்தபடி நிற்க வைத்தார்கள். வெயில் படும் களமே பெரிய ஜன்னலாக முகத்துக்கு வெளிச்சம் தந்தது. பின்புறம் கொட்டகையின் இருட்டு. எஃப்/4, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/250. வெயிலில் இதே துளைக்கு 1/1600 வேண்டியிருக்கும். ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம், அதுவும் தண்ணீர் குடிக்க வரும் நேரத்தில்.

ஒருவர் மட்டும் களத்திலேயே, ஜவ்வரிசிக்கு நடுவில் நின்று எடுத்துக்கொள்ள விரும்பினார். அவருக்குப் பிவிசி பைப்பில் சட்டம் கட்டி, நாலு முழ வெள்ளை வேட்டியை ஒற்றையாக இழுத்துக் கட்டி, தலைக்கு மேல் மூன்றடியில் இருவர் பிடித்தார்கள். ஒன்றேகால் ஸ்டாப் குறைந்தது, நிழலின் விளிம்பு கரைந்தது. இப்படி எடுக்கும்போது ஆளுக்கு வெளிச்சம் குறைந்து பின்புலத்துக்குக் குறையாமல் இருப்பதால், பின்னால் உள்ளது வெளுத்துப்போகும். அதனால் பின்னால் வேப்ப மரம் வருமாறு திருப்பி நிறுத்தினார்கள்.

வேட்டியில் கவனிக்க வேண்டியவை சில. கரை முகத்துக்கு மேலே வரக் கூடாது, கரையின் நிறம் கன்னத்தில் கோடாக விழும். சொட்டு நீலம் போட்டு வெளுத்த வேட்டி லேசான நீலச் சாயலைத் தரும். ஒவ்வொரு இடத்திலும் முதல் படத்தில் நிறத்தைச் சரிபார்க்கும் சாம்பல் அட்டையான கிரே கார்டு பிடித்திருந்ததால் அதைச் சரிசெய்ய முடிந்தது.

விளைவு

நான்கு வகைப் படங்களும் தேறின. களத்தின் வேலைப் படங்களில் முகத்தை ராவில் ஒரு ஸ்டாப் உயர்த்தியதே போதுமானதாக இருந்தது. முதல் நாள் படங்களில் அதையே செய்தபோது நிழல் முழுக்கப் புள்ளியும் சேறுமாக எழும்பியது. அட்டைப் படத்துக்கு ஆலைக்காரர் தேர்ந்தது, வரி இழுத்த ஜவ்வரிசிக்குப் பின்னால் மலை நிற்கும் காலைப் படம்.

அச்சுக்கு முன் ஒரு பிடி ஜவ்வரிசியை மாதிரி அச்சுத்தாளின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். நெருக்கப் படத்தின் நிறம் பொருந்தியது. கண்ணைப் பறிக்கும் நீல வெள்ளையாக மாற்றலாமே என்ற யோசனையை ஆலைக்காரரே மறுத்துவிட்டார். ஜவ்வரிசி வியாபாரத்தில் நிறம் பார்த்துத்தான் விலை சொல்கிறார்கள். படத்தில் காட்டிய நிறம் மூட்டையில் இல்லாவிட்டால் சரக்கு திரும்பிவிடும்.

ஒரு தோல்வியும் உண்டு. களத்தின் ஒரு மூலையில் நீலத் தார்ப்பாய் விரித்து அதன் மேல் காயப்போட்டிருந்தார்கள். அங்கே எடுத்த படங்களில் தாடைக்கும் மூக்குக்கும் அடியில் நீலம் ஏறிவிட்டது. மேலிருந்து வரும் வெயில் ஒரு நிறம், கீழிருந்து ஏறுவது வேறு நிறம் என்பதால் படம் முழுவதன் நிறச் சாயலையும் ஒன்றாகச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸை மாற்றித் தீர்க்க முடியவில்லை. நெற்றியைச் சரிசெய்தால் தாடை கெட்டது. அந்தப் படங்களை ஒதுக்கிவிட்டார்கள். பசுமையான காப்பித் தோட்டத்தில் ஏற்காட்டில் எடுக்கும்போது முகத்தில் பச்சை ஏறுவதும் இதே காரணத்தால்தான்.

கேமரா சூடேறி, வீடியோவும் பாதியில் நின்றது. பெரும்பாலான கேமராக்களின் கையேடு 40 டிகிரி செல்சியஸ் வரைதான் உறுதி தருகிறது. கறுப்பு உடல் வெயிலில் அதைத் தாண்டிச் சுடும். ஈரத்துணி போர்த்துவது ஆபத்து. காய்ந்த வெள்ளைத் துண்டைப் போர்த்தி, எடுக்காத நேரமெல்லாம் நிழலில் வைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்திருக்கும்.

இனி மாற்ற வேண்டியவை

படப்பிடிப்புக்கு முந்தைய நாள் கேமரா இல்லாமல் ஒரு முறை போய், எத்தனை மணிக்குப் பரப்புகிறார்கள், எந்தத் திசையில் இழுக்கிறார்கள், தண்ணீர் குடிக்க எப்போது வருகிறார்கள் என்று குறித்துக்கொள்வது. முதல் நாள் உழைப்பு முழுவதையும் இது மிச்சப்படுத்தியிருக்கும்.

ஆட்களை எடுக்கும் பகுதியில் நீலத் தார்ப்பாய் விரிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது.

குறுகிய லென்ஸ் ஒன்று போதும், 55–250ஐக் களத்துக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. காலையில் மலையை எடுக்க மட்டும் அது பயன்படும்.

ஆலைக்காரர் அடுத்த தொகுப்பைத் தை மாதத்தில் எடுக்கக் கேட்டிருக்கிறார். மார்கழிக் கடைசியிலும் தையிலும் உச்சி வெயிலே ஏறக்குறைய 55 முதல் 65 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அப்போது மணியின் நிழல் பத்து மணிக்குப் பிறகும் கிடைக்கும், ஆனால் ஆளின் நிழல் நீண்டு தரை வெளிச்சம் ஒரு பக்கமாகக் குறையும். சித்திரை முதல் பத்து நாளுக்குள், ஏப்ரல் 20 வாக்கில், சேலத்தில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அப்போது இரண்டும் நேர்மாறு. எனவே இந்த ஆய்வில் உள்ள 8:25, 12:25, 3:25 நேரங்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அந்த மாதத்தின் சூரிய உயரத்தைப் பார்த்து அட்டவணையை மறுபடி போட வேண்டும்.